நண்டுக்குத் தயிர்சாதம்

கரமனை,
திருவனந்தபுரம்.
11-7-1977

சௌபாக்யவதி விஜயத்துக்கு, சூடாமணி ஆசீர்வாதம்.

இங்கே விடாத மழை. நாத்தனார் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. உன் மீன் தொட்டி விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

நீ காலேஜில் வேலை கிடைத்தது என்று தூத்துக்குடிக்குக் கிளம்பி ஐந்து வாரம் ஆகிறது. போகும்போது கூடத்துச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனாய். பம்பை நிறுத்தக் கூடாது, வெயில் படக் கூடாது, தண்ணீர் வற்றினால் கோடு வரைக்கும் கிணற்று நீர், மாற்றுவதானால் உன் பழைய காலேஜ் லாப் ஆள் தங்கையன் சைக்கிளில் கொண்டுவரும் கடல் நீர் என்று ஒன்பது கட்டளை. எல்லாம் உன் அகத்துக்காரன் பட்டாபிக்கு எழுதியது. அவன் ஒரு தடவை படித்தான். "அக்கா, இதெல்லாம் உனக்குத்தான் கைவரும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டான். ஆக, தொட்டி என் தலையில். தலையில் விழுந்ததைத் தள்ளிவிட்டு எனக்குப் பழக்கம் இல்லை.

சங்கதி இதுதான். வரி போட்ட குட்டி மீன் நாலு இருந்தது, இப்போது மூன்று. மஞ்சள் வண்ணாத்தி மீன் இருக்கிறது. நத்தை இரண்டும் இருக்கிறது. கல் இடுக்கில் சங்குக்குள் உட்கார்ந்திருக்கும் நண்டும் இருக்கிறது. துள்ளி வெளியே விழுந்ததோ என்று கூடம் முழுக்கப் பெருக்கிப் பார்த்துவிட்டேன். தண்ணீரும் இரண்டு நாளாகக் கஞ்சி மாதிரி வெளுத்திருக்கிறது. நான் ஒன்றும் செய்யவில்லை. நாளைக்கு என் மேல் பழி வரக் கூடாது என்று இப்போதே எழுதுகிறேன்.

பட்டாபி சௌக்கியம். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னான்.

சூடாமணி

---

தூத்துக்குடி
17-7-1977

அக்காவுக்கு, விஜயம் நமஸ்காரம்.

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் கொஞ்சம் பயந்துதான் போனேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது.

தண்ணீர் வெளுத்தால் உள்ளே ஏதோ அழுகுகிறது என்று அர்த்தம். தங்கையனிடம் சொல்லிப் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மழைக்குக் கரண்ட் போனால் பம்பும் நின்றுவிடும். அப்போது ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். காப்பி ஆற்றுகிற மாதிரிதான். மீனுக்கு மூச்சு முட்டாது.

இனி நண்டு. விழிஞ்ஞம் பாறையில் நான் அதைப் பிடித்தபோது புளியங்கொட்டை அளவு இருந்தது. சங்கு நண்டுகளில் சின்னது பாசியைச் சுரண்டித் தின்று சும்மா இருக்கும், தொட்டிக்கு நல்லது. இது வளர்கிற ஜாதியோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கொடுக்கின் நுனியைப் பாருங்கள். கரண்டி மாதிரி மழுங்கி இருந்தால் சுரண்டுகிற ஜாதி. கூராக இருந்தால் கிழிக்கிற ஜாதி.

ஒன்று கேட்கிறேன், கோபம் வேண்டாம். நண்டுக்கு வாரம் மூன்று நாள் ஒரு துண்டு இறால் என்று எழுதி ஒட்டியிருந்தேனே, தங்கையன் கொண்டுவருகிறானா? அது வயிறு நிறைந்திருந்தால் மீன் பக்கம் திரும்பாது.

இங்கே இன்னொரு டீச்சரோடு ஒரே அறையில் இருக்கிறேன். தண்ணீர் உப்பு. காலையில் நாலு வகுப்பு, மத்தியானம் லாப். சாயங்காலம் சாக்பீஸ் பொடியோடு வந்து படுத்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை.

அவருக்கு ஆபீஸ் விலாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன். கிடைத்ததா என்று கேட்டு எழுதவும்.

விஜயம்

---

கரமனை
2-8-1977

விஜயத்துக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்ததாம். வேலை ஜாஸ்தியாம். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னான்.

மறைத்துப் பிரயோஜனம் இல்லை, எழுதிவிடுகிறேன். நீ போன மறு சனிக்கிழமையே தங்கையன் வாழையிலையில் இறாலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "அம்மா, வெள்ளமும் கொண்டாந்திருக்கு, ஞண்டுக்குத் தீனியும் கொண்டாந்திருக்கு" என்றான். தண்ணீரை இறக்கு, மற்றதை ஆற்றில் போடு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாலு தலைமுறையாக இந்த வாசல்படியைத் தாண்டி மாமிசம் வந்ததில்லை. நீ இருந்தபோது கொல்லைப்பக்கமாகக் கொண்டுவந்தாய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

அதற்காக அதைப் பட்டினி போடவில்லை. வாயுள்ள ஜீவன் வீட்டில் இருக்கும்போது எனக்குச் சாதம் இறங்காது. முதல் நாள் தயிர்சாதம் போட்டேன். ஒவ்வொரு பருக்கையாக எடுத்துத் தின்றது. மறுநாள் தாளித்ததைப் போட்டேன், கடுகை மட்டும் ஒதுக்கி வைத்தது. பிறகு இட்லி, ஊறவைத்த பயறு, துருவின தேங்காய், ஏகாதசிக்கு ஒரு துண்டு நேந்திரம்பழம். எல்லாம் தின்றது. திருப்தியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நேற்று விடியற்காலை கோலம் போட எழுந்தவள் தொட்டிப் பக்கம் பார்த்தேன். இரண்டாவது வரிக்குட்டியின் வால் அதன் வாயில் இருந்தது. நத்தையையும் ஒன்றைக் காணோம், ஓடு மட்டும் கிடக்கிறது. கொடுக்கைப் பார்த்தேன், பாக்குவெட்டி நுனி. புளியங்கொட்டையாக வந்தது இப்போது எலுமிச்சம்பழம். சங்குக்குள் அது முழுக்க அடங்கவுமில்லை.

இந்தக் கொலைகாரனை என்ன செய்வது என்று உடனே எழுது. எனக்கு இந்தத் தொட்டிப் பக்கம் போகவே அலுப்பாக இருக்கிறது.

சூடாமணி

---

(அஞ்சலட்டை)

தூத்துக்குடி
6-8-1977

அக்கா, நமஸ்காரம். சாதம், இட்லி எல்லாவற்றையும் உடனே நிறுத்தவும். தண்ணீர் வெளுத்தது அதனால்தான். நண்டைக் கொல்ல வேண்டாம். காய்கறி வாங்கும் பிளாஸ்டிக் கூடையைத் தொட்டிக்குள்ளேயே இறக்கி, நண்டை அதில் விட்டு, மேலே இன்னொரு கூடையால் மூடவும். விவரம் பின்னால். விஜயம்.

---

தூத்துக்குடி
10-8-1977

அக்காவுக்கு நமஸ்காரம்.

கார்டில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி.

தயிர்சாத விஷயம் படித்து முதலில் சிரித்தேன். கடுகை ஒதுக்கியதாம்! அறையில் இருக்கும் டீச்சருக்கும் படித்துக் காட்டினேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதன் வயிற்றுக்குச் சேராததை ஆசையாகப் போட்டீர்கள், அது தின்றது, பசி மட்டும் போகவில்லை. பசியோடு இருப்பதன் பக்கத்தில் சின்னதுகளை விட்டு வைத்தோம். அதை அங்கே கொண்டுவந்து விட்டவள் நான். மூன்றடித் தொட்டியில் யாரோடு யார் இருக்கலாம் என்று பார்க்காமல், சின்னதாக இருக்கிறதே என்று விட்டேன். தப்பில் பாதி என்னுடையது.

ஆனால் அக்கா, அந்த வீட்டில் ஒரு நண்டுக்குக்கூட நீங்கள் உங்கள் கையால் தாளித்துப் போட்டிருக்கிறீர்கள். பதினோரு வருஷம் நான் அந்த அடுப்பைத் தொடவில்லை. காலேஜிலிருந்து, தவளை அறுக்கும் லாபின் பார்மலின் வாசனையோடு வருகிறேன் என்று தலைக்குக் குளித்தால்தான் கூடம், குளித்தாலும் சமையலறை நிலைப்படியோடு சரி. அவருக்கு ஜுரம் வந்தபோது ஒரு ரசம் வைக்கிறேன் என்று கேட்டேன். "நான் செத்துட்டேனா?" என்றீர்கள். அவர் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சண்டைக்கு எழுதவில்லை. சண்டை போடத் தெம்பும் இல்லை.

இங்கே என் வேலை மார்ச் வரைக்கும் தற்காலிகம். டிசம்பருக்குள் நிரந்தரமாக இருக்கிறேனா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் என் பழைய காலேஜிலும் ஓர் இடம் காலியாகப் போகிறது. எதற்குக் கையெழுத்துப் போடுவது என்று அவரைக் கேட்டு மூன்றாவது கடிதமும் போட்டாயிற்று.

நண்டுக்கு இந்தச் சங்கு சிறிதாகிவிட்டது. அதனால்தான் நத்தையைக் கொன்று அதன் ஓட்டைப் பார்த்திருக்கிறது. இங்கே கடற்கரையில் காலிச் சங்குகள் பொறுக்கிப் பார்சலில் அனுப்புகிறேன். கொதிக்கும் நீரில் கழுவிப் போடுங்கள்.

விஜயம்

---

கரமனை
25-10-1977

விஜயத்துக்கு அநேக ஆசீர்வாதம்.

இரண்டு மாசமாக எழுதவில்லை. உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்து அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன். தினம் அரிசி எடுக்கும்போது கையில் பட்டது.

சங்குப் பார்சல் ஓணத்துக்கு முன்பே வந்தது. ஏழு சங்கையும் கூடைக்குள் போட்டேன். ஜவுளிக்கடையில் நம் அக்ரகாரக் கிராமத்துப் பெண்டுகள் புடவை பார்ப்பார்களே, அப்படித்தான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தது. உள்ளே கொடுக்கை விட்டு அளந்தது. ஒன்றில் ஏறியது, பிடிக்கவில்லை, இறங்கியது. கடைசியில் பழுப்பு நிறச் சங்கில் ஏறி உட்கார்ந்தது. ஒரு சங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த நொடியில் அதன் உடம்பைப் பார்த்தேன் விஜயம். பின்பக்கம் ஓடே இல்லை, வெறும் சதை. இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணுகிறது, அதற்குச் சொந்தமாக ஒரு வீடு இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று கேட்காதே.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். காலையில் ஆற்றில் குளிக்கப் போகிற வழியில் பாலத்தடிக்குப் போனேன். அங்கே பேச்சி என்று ஒருத்தி, தெற்கே நம் தமிழ்நாட்டுக்காரி, கூடையோடு உட்காருகிறாள். ஒரே ஒரு இறால் கொடு என்று கேட்டேன். "ஒண்ணா? ஒங்க வீட்ல யாரும்மா திங்கதுக்கு?" என்றாள். நண்டுக்கு என்றேன். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எம்மா, நாங்க நண்டைத் திம்போம். நண்டுக்கு எறா வாங்குத ஆளை இப்பத்தான் பாக்கேன்" என்றாள். உரித்து, நறுக்கி, இலையில் சுற்றி அவளே தந்தாள். மரக்கிடுக்கியால் பிடித்துப் போட்டேன். பிறகு தலைக்குக் குளித்தேன். வாரம் மூன்று நாள் இதே கதை. ஈர உடம்போடு இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது.

நவராத்திரிக்கு நாலு நாள் இருக்கும்போது எதிர்வீட்டுப் பஞ்சாபகேசன் மாமா என்னைப் பாலத்தடியில் பார்த்துவிட்டார். மறுநாள் கூடத்துக்கே வந்து நின்றார். "பட்டாபி, கேட்டியா, நம்ம கிராமத்துல இன்னிவரைக்கும் நடக்காத சங்கதியாக்கும். உன் தமக்கை மீன்காரிகிட்ட கைநீட்டி வாங்கறா. நான் என் கண்ணால கண்டேன்" என்றார்.

உனக்குத் தெரியும், நவராத்திரிக்குக் கோவில் நைவேத்தியம் இருபது வருஷமாக என் கை. இந்தத் தடவை அழைப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை சுண்டலுக்கு நம் அகத்துக்கு ஒரு குழந்தைகூட வரவில்லை. இரண்டு படி கடலை ஊற வைத்திருந்தேன்.

அதெல்லாம்கூடப் போகட்டும். மாமா பேசினபோது பட்டாபி பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நண்டுக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமா போன பிறகு பேப்பரை மடித்தான். "எதுக்கு அக்கா வம்பு? தொட்டியை யாருக்காவது தூக்கிக் குடுத்துடேன்" என்றான். என் மேல் கோபம்கூட இல்லை அவனுக்கு. அப்போதுதான் நீ எழுதிய ரசம் ஞாபகம் வந்தது.

ரசத்துக்குப் பதில் சொல்கிறேன். ஆசாரம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன், என்னிடமே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. இருபத்து மூன்று வயதில் புக்ககத்திலிருந்து டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவள் நான். அவர் வேறு ஒருத்தியைக் கொண்டுவந்தார், நான் வந்துவிட்டேன். இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த அடுப்பு ஒன்றுதான். படித்தவள், சம்பாதிக்கிறவள் நீ. அதையும் உன் கையில் கொடுத்துவிட்டால் என்னை எந்த மூலையில் வைப்பார்கள் என்று பயந்தேன். பயத்தில் உன்னைக் கடித்தேன். பெரியவள் மன்னிப்புக் கேட்பது சம்பிரதாயம் இல்லை, கேட்கிறேன்.

டிசம்பருக்குள் நீ இந்த ஊருக்குக் கையெழுத்துப் போடு. சமையலறையை நீ எடுத்துக்கொள். நான் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையலுக்குக் கேட்டிருக்கிறேன், வரச் சொல்லியிருக்கிறார்கள். பட்டாபி இளைத்துவிட்டான். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னான்.

சூடாமணி

---

தூத்துக்குடி
4-11-1977

அக்காவுக்கு, விஜயத்தின் நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை வகுப்புக்குப் போகும் முன் பிரித்திருக்கக் கூடாது. பாதிப் பாடத்தில் நிறுத்திவிட்டுப் பெண்களை நோட்டு எழுதச் சொன்னேன்.

நீங்கள் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். நானும் கடித்திருக்கிறேன். உங்கள் மடிப் புடவையில் தெரிந்தேதான் ஒரு நாள் ஈரக்கையைத் துடைத்தேன். உங்களுக்கு அது தெரியாது.

நீங்கள் தெருவில் தலைகுனிந்து நிற்கும்படி ஆனது என் தொட்டியால். அதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. ஆனால் மாமா மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவர் வந்து வாய்விட்டாவது பேசினார்.

நண்டைப் பற்றி யோசித்தேன், எங்கள் புரொபசரையும் கேட்டேன். தீனி போட்டாலும் இது இன்னும் வளரும். எலுமிச்சம்பழம் தேங்காயாகும். வண்ணாத்தி மாதிரி சாதுவோடு அதை ஒரே தொட்டியில் எந்நாளும் வைக்க முடியாது. கூடைக்குள் அடைத்தே வைப்பதும் பாவம். குற்றம் அதன் மேலும் இல்லை, மீனின் மேலும் இல்லை, அவ்வளவு பெரியதற்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி இடம் இல்லை. கோவளத்தில் கலங்கரை விளக்கத்தின் கீழே பாறைகள் இருக்கின்றன. மழை விட்டு, கடல் இறங்கியிருக்கும் காலையில் யாரிடமாவது கொடுத்து அங்கே விடச் சொல்லுங்கள். தூக்கிப் போடக் கூடாது. பாறை இடுக்கில் தண்ணீருக்குள் வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும்.

ஹாஸ்டலுக்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால் கேட்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் அவர் என்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார் என்று இருக்கிறது. சொன்னாரா?

விஜயம்

---

கரமனை
12-12-1977

விஜயத்துக்கு,

சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முதல் கடிதம் எழுதும்போது, "விஜிக்குப் போடறேன், நீ ஏதாவது எழுதறயாடா" என்று கேட்டேன். "நீதான் எழுதறயே அக்கா" என்றான். பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன், நானே எழுதிக்கொண்டேன். புருஷன் கேட்டதாக ஒரு வரி இல்லாமல் ஒரு பெண்ணுக்குக் கடிதம் போட எனக்குக் கை வரவில்லை. என் புக்ககத்திலிருந்து அப்படி ஒரு வரிக்காக நான் ஒரு வருஷம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றவள்.

நண்டை யாரிடமும் கொடுத்து அனுப்பவில்லை. முந்தாநாள் இரண்டாம் சனிக்கிழமை, பட்டாபிக்கு ஆபீஸ் இல்லை. காலை ஏழு மணிக்குச் சாதத்தை வடித்து மூடி வைத்துவிட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் தொட்டித் தண்ணீரோடு நண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிழக்கே கோட்டையில் பஸ் மாறினேன். கண்டக்டர் வாளியைப் பார்த்து, "எந்தா அம்மா, பாலா?" என்றான். ஆமாம் என்றேன். பொய் சொல்வது எனக்கு இப்போது பழகிவிட்டது.

பாறையில் இறங்கப் பயமாக இருந்தது. வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒருத்தி கையைப் பிடித்து இறக்கினாள். கிடுக்கி கொண்டுபோகவில்லை, வெறும் கையால்தான் எடுத்தேன். அது கடிக்கவில்லை, சங்குக்குள் சுருண்டுகொண்டது. நீ எழுதியபடியே இடுக்கில் வைத்துக் கையை எடுத்தேன். ரொம்ப நேரம் அசையவில்லை. ஓர் அலை வந்து போனது. பிறகு பார்த்தால் இல்லை.

உடனே திரும்ப மனசு வரவில்லை. நாற்பத்தேழு வயதாகிறது, ஏழெட்டு மைலில் இருக்கிற கடலுக்குத் தனியாக வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். சுடுமணலில் உட்கார்ந்து வேர்க்கடலை வாங்கித் தின்றேன். யாருக்கும் சமைக்க வேண்டியதில்லை என்று நினைத்தபோது உடம்பெல்லாம் வலித்தது. இத்தனை நாள் இந்த வலி எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

வீடு திரும்பியபோது நாலு மணி. ஒன்பது மணி நேரம் நான் வீட்டில் இல்லை விஜயம். புடவையெல்லாம் உப்பும் மணலும். பட்டாபி ஈஸிசேரிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். "காப்பிப்பொடி தீர்ந்து போச்சா அக்கா?" என்று கேட்டான்.

போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

மீனும் நத்தையும் சௌக்கியம்.

சூடாமணி

---

தூத்துக்குடி
18-12-1977

அக்கா,

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த ஊருக்கு. நிரந்தரமாக இங்கேயே.

உங்களால் இல்லை. முதலில் அதை நம்புங்கள். ஜூனில் கிளம்பும்போது உங்களால்தான் போகிறேன் என்று நானும் நினைத்தேன், தெருவும் நினைத்தது, நீங்களும் நினைத்தீர்கள். இந்த ஆறு மாசத்தில் அவருக்கு ஒன்பது கடிதம் போட்டேன். நீங்கள் எனக்கு எழுதினீர்கள். வைது எழுதினீர்கள், மறைத்து எழுதினீர்கள், பொய்யும் எழுதினீர்கள். என்னைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். அவர் கெட்டவர் இல்லை, என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. நாம் இருவரும் ஒரே தொட்டியில் அடித்துக்கொண்டபோது அவர் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து பேப்பர் படித்தார். உங்களை ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டு அந்த வீட்டுக்கு வந்து நான் யாரோடு பேசுவது?

எனக்கு ஜனவரி முதல் தனி வீடு கொடுக்கிறார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு வேப்பமரம். தண்ணீர் உப்புதான்.

ஹாஸ்டலில் நூறு பேருக்குச் சமைக்கப் போகிறேன் என்கிறீர்கள். வேண்டாம். இங்கே வாருங்கள். மடி வேண்டுமானால் உங்கள் அறையில் தனி அடுப்பு வைத்துக்கொள்ளலாம். எப்போதும்போல என்னை நிலைப்படியில் நிறுத்தலாம். நான் இந்தத் தடவை அங்கே நிற்காமல் உள்ளே வருவேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சண்டை வரும். கண்டிப்பாக வரும்.

நான் உங்களுக்குப் பாவம் பார்த்துக் கூப்பிடவில்லை. சாயங்காலம் வந்தால் வீட்டில் ஒரு குரல் வேண்டியிருக்கிறது. யோசித்து எழுதுங்கள்.

விஜயம்

---

கரமனை
20-1-1978

சிரஞ்சீவி விஜயத்துக்கு, சூடாமணி எழுதுவது.

யோசிப்பதற்கு ஒரு மாசம் ஆயிற்று. முதல் இரண்டு வாரம் உன் மேல் கோபத்தில் போயிற்று. என் தம்பியை எப்படி அப்படி எழுதலாம் என்று இரண்டு பதில் எழுதி அடுப்பில் போட்டேன். மூன்றாவது இது.

பொங்கலன்று அவனிடம் சொன்னேன். விஜயம் வரப் போவதில்லை, நான் அவளிடம் போகிறேன் என்றேன். சர்க்கரைப்பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை நின்றது. "எத்தனை நாளைக்கு?" என்றான். தெரியாது என்றேன். கண் நிறைந்துவிட்டது அவனுக்கு, நான் பார்த்தேன். ஏதாவது சொல்வான் என்று கையில் கரண்டியோடு நின்றேன். நீ போகாதே என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பேனோ என்னமோ. அவளைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்தாவது உன்னைக் கூப்பிட்டிருப்பேன். அவன் கையை அலம்பிக்கொண்டு வந்து, "போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதிப் போடு அக்கா" என்றான்.

அவனை வெறுக்க முடியவில்லை. நான் வளர்த்த பிள்ளை. பேச வேண்டிய இடத்திலெல்லாம் நானே பேசி, எழுத வேண்டியதையும் நானே எழுதி, அவனுக்கு வாயே வேண்டாதபடி பண்ணியவள் நான்தானே. பழவங்காடிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் இரண்டு வேளைக்கும் கேரியர் ஏற்பாடு செய்திருக்கிறேன். காப்பிக்கு டிகாக்ஷன் போடக் கற்றுக் கொடுத்தேன். நாலாவது தடவை சுமாராக வந்தது.

வண்ணாத்தியையும் மற்றதையும் உன் பழைய காலேஜ் லாபுக்கு நானும் தங்கையனும் கொண்டுபோய்க் கொடுத்தோம். உன் சிநேகிதி ஒருத்தி பெயர் எழுதி ஒட்டி வாங்கிக்கொண்டாள்.

உன் மேல் பிரியம் வந்துவிட்டது, அதனால் வருகிறேன் என்று நினைக்காதே. அலுத்துவிட்டது, அதனால் வருகிறேன். பிரியம் வந்தால் பிறகு சொல்கிறேன். நீ எழுதியபடி சண்டை வரும். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. சண்டை போட்டால் அன்றைக்கே பேசி முடித்துவிட வேண்டும். பேசாமல் திரும்பிப் படுத்துக்கொள்கிறவர்களோடு இனி என்னால் ஒரே கூரையில் இருக்க முடியாது.

தனி அடுப்பு வேண்டாம். இரண்டு பேருக்கு இரண்டு அடுப்பு எரிக்கிற வயது தாண்டிவிட்டது.

வருகிற வெள்ளிக்கிழமை, இருபத்தேழாம் தேதி, காலை முதல் பஸ்ஸில் தம்பானூரிலிருந்து ஏறுகிறேன். நாகர்கோவிலில் ஒரு மாற்றம், திருநெல்வேலியில் ஒரு மாற்றம் என்று தங்கையன் எழுதிக் கொடுத்திருக்கிறான். சாயங்காலத்துக்குள் வந்துவிடுமாம். தனியாக இவ்வளவு தூரம் நான் வந்ததில்லை. பெட்டியோடு திரும்பி வந்த அன்றைக்குக்கூட அப்பா கூட இருந்தார்.

உனக்கு அன்றைக்கு வகுப்பு இருந்தால் லீவு சொல்லிவிடு. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில். நான் இறங்கும்போது நீ அங்கே இருக்க வேண்டும்.

சூடாமணி